டிஎன்ஏ குடுத்தா தம்பி செத்துட்டான்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடுமா?

14 வருஷத்துக்கு முன்னாடி காணாமப் போன தம்பியப் பத்தி ஒரு அக்கா எழுதின லெட்டர் இது. யாருன்னு தெரியக்கூடாதுன்னு கேட்டிருந்தாங்க, அதனால சில விவரங்கள மாத்தியிருக்கேன். கேள்வி அப்படியே தான் இருக்கு.

தம்பிக்கு அப்ப 19 வயசு, காலேஜ் ரெண்டாவது வருஷம். இவங்களுக்கு 22. ஒரு சாயங்காலம் இவங்க ஃப்ரெண்டோட ஃபோன் பேசிட்டு இருந்தப்ப தம்பி ரூம் வாசல்ல வந்து நின்னு "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்"னு சொல்லியிருக்கான், இவங்க கையக் காட்டி "அப்புறம் சொல்லுடா"ன்னு சொல்லியிருக்காங்க. வெளிய போனவன் திரும்பி வரல. 24 மணி நேரம் ஆகாம போலீஸ் கம்ப்ளெயின்ட் எடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னத நம்பி ரெண்டாவது நாள் தான் ஸ்டேஷனுக்குப் போயிருக்காங்க. மொதல் ரெண்டு வருஷம் விசாரணை நடந்துச்சு, அப்புறம் ஆஃபீசர்ஸ் மாறிக்கிட்டே இருந்தாங்க, ஃபைல் எங்க இருக்குன்னே தெரியல. போன வருஷம் ஒரு ஆள் ஃபோன் பண்ணி "உங்க பையன பாத்தேன்"னு சொல்லி ரெண்டு தடவ பணம் வாங்கியிருக்கான், அம்மா நகைய வித்துக் குடுத்திருக்காங்க. இப்ப மூணு மாசம் முன்னாடி போலீஸ்ல இருந்து கூப்பிட்டு அப்பா அம்மாவோட டிஎன்ஏ சாம்பிள் வேணும்னு கேட்டிருக்காங்க. அம்மா "என் புள்ளைய பொணமாக்கப் பாக்குறீங்களா"ன்னு கத்திட்டு ரூமுக்குள்ள போய் கதவச் சாத்திக்கிட்டாங்க. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, அவர் எதுவும் பேசறதில்ல, ஆனா தனியா இருக்கறப்ப "எனக்கு முன்னாடி ஒரு பதில் தெரிஞ்சா போதும்மா"ன்னு இவங்ககிட்ட சொல்லியிருக்கார்.

இவங்க கேட்டிருக்கறது இது தான். அம்மாவுக்குத் தெரியாம சாம்பிள் குடுக்கலாமா? வீடு தம்பி பேர்லயும் இருக்கறதால எதுவும் பண்ண முடியல, இறந்ததா கோர்ட்ல சொல்லி வாங்கிடலாமா? 9 வயசு மக "மாமா செத்துட்டாரா"ன்னு கேக்கறா, என்ன சொல்றது? கடைசியா ஒரு வரி: "அவன் உயிரோட இருந்தா 14 வருஷத்துல ஒரு ஃபோன் பண்ணியிருக்க மாட்டானா மேடம், அம்மாவ எப்படியாவது ஏத்துக்க வைக்கணும், வழி சொல்லுங்க."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்க கடைசி வரியில இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா மத்த எல்லா கேள்வியும் அதுல தான் சிக்கிட்டு நிக்குது. அம்மாவ ஏத்துக்க வைக்க வேண்டாம். நீங்களும் எதையும் ஏத்துக்க வேண்டாம். தம்பி இருக்கானா இல்லையாங்கற முடிவுக்கு வந்தா தான் அடுத்த வேலைய செய்ய முடியும்னு நெனைக்கறீங்க, ஆனா நீங்க கேட்டிருக்கற எதுக்குமே அந்த முடிவு தேவையில்ல. தெரியாதுங்கறத தெரியாதுன்னே வெச்சுக்கிட்டு சாம்பிள் குடுக்கலாம், வீட்டு விஷயத்தப் பாக்கலாம், மகளுக்குப் பதில் சொல்லலாம். காணாமப் போனவங்க குடும்பங்களோட பல வருஷமா உக்காந்து பேசிட்டு வர்றேன், வீட்டுல எல்லாரும் ஒரே பதிலுக்கு வந்தாகணும்னு ஒருத்தர ஒருத்தர் இழுக்கறதுல தான் அந்தக் குடும்பங்கள் உடையறதப் பாத்திருக்கேன்.

பாலின் பாஸ்னு அமெரிக்காவுல ஒரு குடும்பநல சிகிச்சை நிபுணர், 1970கள்ல வியட்நாம் போர்ல காணாமப் போன வீரர்களோட குடும்பங்கள ஆராய்ச்சி பண்ணவங்க. ஆளு இல்ல, ஆனா மனசு முழுக்க இருக்கார், சாவுன்னு சொல்லி அழவும் முடியல, வருவார்னு நிம்மதியா இருக்கவும் முடியலங்கற இந்த நிலைமைக்குத் தனியா ஒரு பேரே குடுத்தாங்க, நாங்க அத முடிவு தெரியாத இழப்புன்னு சொல்லுவோம். இதுல மனசு மாட்டிக்கிட்டு நிக்கறதுக்குக் காரணம் உங்க பலவீனம் இல்ல, இழப்போட தன்மையே அப்படிங்கறது தான் அவங்க சொன்ன முக்கியமான விஷயம். அம்மா பிடிவாதம் பிடிக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அவங்க பிடிவாதம் பிடிக்கல. பதில் வராத கேள்விய 14 வருஷமா தூக்கிட்டு நடக்கறாங்க. நீங்க அவன் இல்லன்னு முடிவு பண்ணி அதத் தாங்கறீங்க, அவங்க இருக்கான்னு முடிவு பண்ணித் தாங்கறாங்க. ரெண்டு பேர்கிட்டயும் ஆதாரம் இல்ல.

"உயிரோட இருந்தா ஃபோன் பண்ணியிருப்பான்"

இது நியாயமா தோணும், ஆனா இத வெச்சு முடிவு எடுக்காதீங்க. ஜெய்சி டுகார்ட்னு ஒரு பொண்ணு, 1991ல கலிஃபோர்னியாவுல 11 வயசுல கடத்தப்பட்டு, 18 வருஷம் கழிச்சு 2009ல உயிரோட கெடச்சாங்க, கடத்தினவன் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வந்தப்ப அங்க இருந்த வளாகப் போலீஸ்காரங்களுக்கு அவன் மேல வந்த சந்தேகம் தான் காரணம். மினசோட்டாவுல ஜேக்கப் வெட்டர்லிங்னு ஒரு பையன், அவனுக்கும் 11 வயசு, 1989ல காணாமப் போனான், 27 வருஷம் கழிச்சு 2016ல கொன்னவனே எடத்தக் காட்டினதுக்கு அப்புறம் உடல் எச்சம் கெடச்சுது. ரெண்டு வீட்லயும் காத்திருந்தாங்க, எந்த வீட்டுக்கு எந்தச் செய்தி வரும்னு அந்த வருஷங்கள்ல யாராலயும் சொல்லியிருக்க முடியாது.

உங்க தம்பி விஷயம் இந்த மாதிரி இருக்கும்னு நான் சொல்லல. அவன் சின்னக் கொழந்த இல்ல, 19 வயசு ஆளு. அந்த வயசுல விபத்து இருக்கலாம், அவனுக்கு யாராவது தீங்கு பண்ணியிருக்கலாம், மனசு ஒடஞ்சு எதாவது பண்ணியிருக்கலாம், வேலைன்னு சொல்லி யாராவது கூட்டிட்டுப் போய் மாட்ட வெச்சிருக்கலாம், தானாவே கெளம்பிப் போய் வேற எங்கயோ வேற ஒரு வாழ்க்கை வாழ்ந்துட்டும் இருக்கலாம். கடைசியா சொன்னதப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லியாகணும், வலிக்கும், இருந்தாலும் முன்னாடியே தெரிஞ்சிருக்கறது நல்லது. மேஜரான ஒருத்தர் உயிரோட கெடச்சா, அவர் சம்மதம் இல்லாம போலீஸ் அவரோட அட்ரஸ குடும்பத்துக்குச் சொல்லாது, நிறைய நாடுகள்ல இது தான் நடைமுறை. "நல்லா இருக்கார், தொடர்பு வேண்டாம்னு சொல்றார்"ங்கற அளவுல பதில் நின்னுடலாம். அப்படி ஒரு நிலைமை வந்தா ஒரு கடிதத்த அவன்கிட்ட சேத்துடுங்கன்னு கேக்கலாம், அதுக்குப் பெரும்பாலும் வழி பண்ணுவாங்க.

சாம்பிள் விஷயம்

மொதல்ல ஸ்டேஷனுக்கு ஃபோன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஏதாவது கெடச்சிருக்கா, இல்ல பழைய கேஸ் எல்லாத்தையும் டேட்டாபேஸ்ல ஏத்தறீங்களா?" மூணு மாசமா உங்க வீட்ல எல்லாரும் முதலாவது தான்னு நெனச்சுட்டு இருக்கீங்க, யாருமே கேக்கல. பழைய ஃபைல்கள தூசி தட்டி எடுத்து குடும்பத்தோட சாம்பிள வாங்கிப் பதிவு பண்றது இப்ப பல எடத்துல வழக்கமான வேலை. கேட்டா தான் தெரியும்.

டிஎன்ஏ குடுக்கறது சாவ ஒத்துக்கறது இல்ல. அம்மாகிட்ட சொல்றதுக்கு ஒரு வார்த்தை வேணும்னா இப்படிச் சொல்லுங்க, அடையாளம் தெரியாத ஒவ்வொரு உடலும் கெடைக்கறப்ப "இது உங்க பையனா இருக்குமோ"ன்னு யாரோ ஒருத்தர் ஃபோன் பண்ணாம, "இது அவன் இல்ல"ன்னு மெஷினே சொல்லிடும். பல குடும்பங்களுக்கு டிஎன்ஏ ஒவ்வொரு தடவையும் குடுக்கற பதில் இந்த "இல்ல" தான். இன்னொரு பக்கமும் இருக்கு, தான் யாருன்னு சொல்ல முடியாத நிலைமையில எங்கயாவது ஆஸ்பத்திரியிலயோ காப்பகத்துலயோ ஒருத்தர் இருந்தா அவர அடையாளம் காணறதுக்கும் இதே சாம்பிள் தான் உதவும்.

அம்மாவுக்குத் தெரியாம குடுக்கலாமான்னு கேட்டீங்க. அம்மாவோட சாம்பிளே இப்போதைக்குத் தேவைப்படாம போகலாம், இது உங்களுக்குத் தெரியல. அப்பா அம்மா ரெண்டு பேர் சாம்பிளும் கெடச்சா அது தான் ரொம்ப உறுதியா இருக்கும், உண்மை. ஆனா மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏன்னு ஒண்ணு இருக்கு, அது அம்மாகிட்ட இருந்து மட்டும் தான் புள்ளைங்களுக்கு வரும், ஆண் புள்ளைக்கும் வரும் பெண் புள்ளைக்கும் வரும். அதாவது உங்க ஒடம்புல இருக்கறதும் தம்பி ஒடம்புல இருக்கறதும் அம்மாவோடதும் ஒண்ணே தான். ஒவ்வொரு செல்லுலயும் அதோட பிரதிகள் ஏகப்பட்டது இருக்கறதால ரொம்பப் பழைய எலும்புல கூட அது தான் தாக்குப்பிடிக்கும். அப்பா சைடுக்கு அப்பா இருக்கார். ஆக அப்பாவும் நீங்களும் குடுத்தாலே ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு நல்ல ஆதாரம். கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சுக் குச்சியால தேய்ச்சு எடுப்பாங்க, ஒரு நிமிஷ வேலை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்றீங்க, அதனால தள்ளிப் போடாதீங்க.

ஆனா மறைச்சு செய்யாதீங்க. "அம்மா, நானும் அப்பாவும் குடுக்கப் போறோம், நீங்க குடுக்க வேண்டாம், அவன் இல்லன்னு நாங்க சொல்லல, தேடற எடத்துல இன்னும் ஒரு எடத்தச் சேக்கறோம்"னு சொல்லிட்டுப் போங்க. கோவப்படுவாங்க. பின்னாடி ஒரு நாள் தெரிய வந்து, ஏற்கனவே ஒரு புள்ள சொல்லாமப் போன வீட்ல இன்னொரு புள்ளையும் சொல்லாம செஞ்சுட்டான்னு அவங்களுக்குத் தோணறத விட இந்தக் கோவம் பரவால்ல.

குடுக்கறதுக்கு முன்னாடி அத எதுக்கு மட்டும் பயன்படுத்துவாங்க, எவ்வளவு நாள் வெச்சிருப்பாங்க, வேண்டாம்னா திரும்ப எடுத்துக்கலாமான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க, கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. அப்படியே தம்பியோட பொருள் எதாவது இருக்கான்னு பாருங்க, பழைய டூத்பிரஷ், சீப்புல ஒட்டின முடி, அம்மா எடுத்து வெச்ச பால் பல் கூட உதவும். இருந்தா கையால தொடாம பேப்பர் கவர்ல போட்டு வைங்க, பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ள ஈரம் தங்கி கெட்டுடும். பல்லுக்கு எங்கயாவது எக்ஸ்ரே எடுத்திருந்தா அந்த டாக்டர இந்த வாரமே கூப்பிடுங்க, பழைய ரெக்கார்ட்ஸ ரொம்ப வருஷம் யாரும் வெச்சிருக்க மாட்டாங்க. எலும்பு முறிஞ்சு பிளேட் வெச்சிருந்தா அதையும் சொல்லுங்க. சிரிக்கற ஃபோட்டோ, பல் வரிசை தெளிவா தெரியற மாதிரி ஒண்ணு தேடி எடுங்க, ஸ்டூடியோவுல வெறப்பா நிக்கறத விட அது தான் அடையாளம் காண உதவும்.

இத்தன வருஷம் கழிச்சு இதெல்லாம் எதுக்குன்னு அப்பா கேட்டா இதச் சொல்லுங்க. ஃபிலடெல்ஃபியாவுல 1957ல ஒரு அட்டைப் பெட்டிக்குள்ள கெடந்த சின்னப் பையனோட பேர், மரபணு வழியா சொந்தக்காரங்களத் தேடிக் கண்டுபிடிச்சு, 2022ல தான் தெரிய வந்துச்சு. 65 வருஷம். நாடு விட்டு நாடு ஒப்பிடறதுக்குக் கூட 2021ல இண்டர்போல் ஐ-ஃபமிலியான்னு ஒரு டேட்டாபேஸ் ஆரம்பிச்சிருக்காங்க, காணாமப் போனவங்க சொந்தக்காரங்களோட டிஎன்ஏவ வெச்சு அடையாளம் தெரியாத உடல்களோட பொருத்திப் பாக்கறதுக்காகவே. உங்க நாட்டுப் போலீஸ் மூலமா தான் அங்க போகும், "இத அனுப்புவீங்களா"ன்னு கேளுங்க. எல்லோ நோட்டீஸ் போட்டிருக்கான்னும் கேளுங்க, அது காணாமப் போனவங்களுக்குன்னு இண்டர்போல் விடற அறிவிப்பு.

கோர்ட், வீடு

கேஸ் முடிஞ்சு போச்சுன்னு நீங்களா நெனச்சுட்டு இருக்கீங்க. ஆள் கெடைக்காத வரைக்கும் காணாமப் போன கேஸ் பொதுவா முடியாது, கவனிக்காம கெடக்கும், அவ்வளவு தான். ஃபைல் நம்பர், இப்ப யார் பொறுப்பு, கடைசியா எப்ப பாத்தாங்கன்னு எழுத்துல கேளுங்க.

இறந்ததா அறிவிக்கறது வேற விஷயம். 7 வருஷமா ஒருத்தரப் பத்தித் தகவலே இல்லன்னா இறந்துட்டார்னு சட்டம் எடுத்துக்கலாம், இந்தியா, இங்கிலாந்து, ஜப்பான் எல்லா எடத்துலயும் இந்த 7 வருஷக் கணக்கு இருக்கு, வேற சில எடத்துல கணக்கு மாறும். 7 வருஷம் முடிஞ்ச உடனே அதுவா நடந்துடாது, கேட்டுப் போகணும், தேடினதுக்கு ஆதாரம் காட்டணும். இது ஒரு அனுமானம் மட்டும் தான். ஆளு திரும்பி வந்தா அது நிக்காது, மாத்த முடியும். போலீஸ் தேடறதையும் இது சட்டப்படி நிறுத்தாது. அதே சமயம் அந்தப் பேப்பர அம்மா கையில பிடிச்சுப் பாக்கற நாள் எப்படி இருக்கும்னு யோசிங்க.

உங்க பிரச்சனை வீடு தான்னா அதுக்கு மட்டும் வேற வழி இருக்கான்னு மொதல்ல ஒரு வக்கீல்கிட்ட கேளுங்க. காணாமப் போனவரோட சொத்தப் பாத்துக்க ஒருத்தர நியமிக்கற ஏற்பாடு சில நாடுகள்ல உண்டு, இங்கிலாந்துல 2019ல இருந்து 90 நாள் காணலன்னாலே அதுக்கு கோர்ட்டுக்குப் போகலாம், யாரும் செத்ததா சொல்ல வேண்டியதில்ல. உங்க எடத்துல அந்த மாதிரி இல்லன்னா அப்ப அறிவிப்பப் பத்தி யோசிக்கலாம். அவசரம் இல்லன்னா என்னோட கருத்து, அப்பா வைத்தியத்துக்குப் பணம் தேவைப்படற அளவுக்கு வந்தா மட்டும் அந்தப் பக்கம் போங்க, இல்லன்னா டிஎன்ஏ ரிசல்ட் வர்ற வரைக்கும் பொறுங்க.

அந்த ஃபோன் ஆளு

அவன் நம்பர், பணம் போன அக்கவுண்ட் விவரம் எல்லாத்தையும் போலீஸ்ல குடுங்க. அம்மாவத் திட்டாதீங்க, ஏமாந்தாங்கன்னு சொல்லாதீங்க, இது காணாமப் போனவங்க குடும்பங்களுக்குன்னே பொறி வெச்சு நடத்தற மோசடி. இனிமே யார் கூப்பிட்டாலும் கேக்கறதுக்கு ஒரு கேள்வி முடிவு பண்ணி வைங்க, தம்பிக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சது, எந்த போஸ்ட்லயும் வராதது. முதுகுல இருக்கற மச்சமோ, சின்ன வயசுல நீங்க அவனுக்கு வெச்ச பட்டப் பேரோ. ஃபேஸ்புக்ல அடையாளம் போடறப்ப ஒண்ண மட்டும் போடாம விட்டுடுங்க. குரலக் கேட்டும் நம்பாதீங்க, இப்பல்லாம் குரலையே செயற்கையா உண்டாக்கிடறாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் வராம ஒரு ரூபா கூட போகக்கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்குங்க, "அவன் வந்தா எனக்குத் தெரியும்"னு சொல்லுவாங்க, பரவால்ல, வாங்குங்க.

உங்க மக கேட்டதுக்கு வர்றேன். "தெரியலம்மா. நாங்க தேடிட்டு இருக்கோம்." இவ்வளவு தான், இது முழு உண்மை. வெளியூர்ல இருக்கார்னு சொல்லாதீங்க, செத்துட்டார்னும் சொல்லாதீங்க, ரெண்டுல எது சொன்னாலும் பாட்டிகிட்ட போய்க் கேட்டு வேற பதில் வாங்கிட்டு வருவா. கூடவே ஒண்ணு சேத்துக்கோங்க, "நீ வெளிய போனா நான் ஏன் பத்து தடவ ஃபோன் பண்றேன்னா மாமாவால தான், உன் மேல நம்பிக்கை இல்லாம இல்ல"ன்னு. இத அவ இன்னும் கேக்கல, ஆனா அவளுக்குத் தெரிய வேண்டியது இது.

இப்ப நீங்க கேள்வியா கேக்காம எழுதின விஷயம்.

"அப்புறம் சொல்லுடா"ன்னு சொன்னத 14 வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல, புருஷன்கிட்ட கூட சொன்னதில்லன்னு எழுதியிருந்தீங்க. லெட்டர்ல அந்த எடத்துல மட்டும் எழுத்து அடிச்சு அடிச்சுத் திருத்தியிருந்துச்சு. அது உங்க தப்பு இல்லன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போக எனக்கு விருப்பம் இல்ல, அத நீங்களே உங்களுக்கு ஆயிரம் தடவ சொல்லிப் பாத்திருப்பீங்க. அவன் என்ன சொல்ல வந்தான்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அரியர் விழுந்தத சொல்ல வந்திருக்கலாம். ஒரு பொண்ணப் பத்தி இருக்கலாம். எதுக்காவது பயந்து போய் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு தான், ஃபோன்ல இருந்த 22 வயசுப் பொண்ணுக்கு அது மத்த நாள் மாதிரி ஒரு சாயங்காலம். இப்ப 36 வயசுல உங்களுக்குத் தெரிஞ்சத வெச்சு அந்தப் பொண்ணுக்குத் தண்டனை குடுத்துட்டு இருக்கீங்க. 24 மணி நேரம்னு சொன்னத நம்பினதும் அப்படித் தான், அந்த மாதிரி காத்திருக்கணும்னு ஒரு விதியே கெடையாது, ஆனாலும் இன்னைக்கும் உலகம் முழுக்க ஜனங்க அத நம்பிட்டு தான் இருக்காங்க. இத வாசிக்கறவங்க யார் வீட்லயாவது ஆளக் காணலன்னா அந்த நிமிஷமே போங்க, எடுக்க மாட்டேன்னு சொன்னா மேல இருக்கற ஆஃபீசர்கிட்ட போங்க.

ஆனா சகோதரி, அவன் சொல்ல வந்த அந்த விஷயத்த நீங்க போலீஸ்ல சொல்லணும். குத்தத்த ஒத்துக்கற மாதிரி இல்ல, தகவலா. காணாமப் போன அன்னைக்கு அவன் எதையோ சொல்ல நெனச்சான், எத்தன மணிக்கு, எப்படி நின்னான், கையில என்ன இருந்துச்சு, முகம் எப்படி இருந்துச்சு, நீங்க சொன்னதுக்கு அப்புறம் சிரிச்சானா, பேசாமப் போனானா. 14 வருஷமா அந்த ஃபைல்ல இது இல்ல. பழைய கேஸ்கள்ல புதுசா வர்ற ஆதாரம் பல தடவ இப்படித் தான் வருது, யாரோ ஒருத்தர் தனக்குள்ளயே வெச்சிருந்த சின்ன விஷயம். அதே மாதிரி அவனோட அப்ப சுத்தின பசங்களுக்கு இப்ப 33 வயசு இருக்கும். அப்ப யாருக்காவது பயந்தோ, ஃப்ரெண்ட காட்டிக் குடுக்கக் கூடாதுன்னோ வாய மூடிட்டு இருந்தவங்க இப்ப அவங்களே கொழந்த பெத்திருப்பாங்க, பயந்த ஆளோட தொடர்பு அறுந்திருக்கும். நீங்களா போய் விசாரிக்காதீங்க, அதுல ஆபத்து இருக்கலாம், பேர்கள எழுதிக் குடுத்து "இவங்ககிட்ட மறுபடி பேசுங்க"ன்னு கேளுங்க. அதுக்கு முன்னாடி உங்க புருஷன்கிட்ட சொல்லிடுங்க, அன்னைக்கு ஸ்டேஷனுக்கு அவர் கூட வரட்டும்.

இன்னும் ஒண்ணு. தம்பிக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பர்னு அம்மா அவங்க பழைய பட்டன் ஃபோன 14 வருஷமா சார்ஜ்லயே போட்டு வெச்சிருக்காங்க, பேட்டரி உப்பிப் போய் பின்பக்க மூடியே நிக்கல, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வெச்சிருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க, அதப் பிடுங்கி எறியலாமான்னும் கேட்டிருந்தீங்க. எறியாதீங்க. ஆனா உப்பின பேட்டரிய சார்ஜ்ல வெச்சா தீப்பிடிக்கலாம், அது அம்மா தலைமாட்டுல இருக்கு. நீங்களே ஒரு புது ஃபோன் வாங்கிட்டுப் போங்க, பெரிய பட்டன் இருக்கறதா பாத்து. அம்மா முன்னாடியே சிம்ம எடுத்து அதுல போட்டு, உங்க ஃபோன்ல இருந்து அந்த நம்பருக்கு ஒரு தடவ அடிச்சு மணி அடிக்குதுன்னு காட்டுங்க. பழைய பேட்டரிய குப்பையில போடாம சர்வீஸ் சென்டர்ல குடுத்துடுங்க. கோர்ட், வீடு எல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம், இத இந்த வாரமே செஞ்சுடுங்க.